மொகீனின் குதிரைகள்

இசை வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் புகழ்பெற்றாரைக் கொண்டே அதனை எழுதிச் செல்வர். தம் காலத்திற் கேட்பாரற்றுக் கிடந்து, ஒரு தலைமுறை கழிந்தபின் கண்டெடுக்கப்பட்டாரின் வரலாறு அத்துணையாக ஆராயப்படுவதில்லை. அத்தகையதொன்றை வங்காளத்திலிருந்து எடுத்துக் கூறி, அதன் துணைகொண்டு நம் நாட்டுத் தமிழ்ப் பொப்பிசையையும் சிறிது நோக்க விழைகின்றேன்.

1975ஆம் ஆண்டளவிற் கல்கத்தாவில் கௌதம் சட்டோபாத்தியாய என்பாரைத் தலைவராகக் கொண்டு இளைஞர் சிலர் ஓர் இசைக்குழுவை அமைத்தனர். கௌதம் நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்று மீண்டவர். குழுவினர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் 'மொகீனேர் கோராகுலி' என்பது. 'மொகீனின் குதிரைகள்' என்று பொருள்படும். கவிஞர் ஜீவனானந்த தாசரின் கவிதையொன்றில் வருந்தொடர் அது. பாட்டுக்குழுவொன்று தன் பெயரைக் கவிதையிலிருந்து எடுத்ததே, அவர்கள் எத்தகையோர் என்பதைப் புலப்படுத்தும். வங்காளத்துப் பாவுல் பாணரின் இசையும், அமெரிக்க நாட்டுப்பாடலும், ஜாசும் அவர்கள் கையில் ஒன்றாய்க் கலந்தன. கிற்றாரும் வயலினும் முழங்க, நகர வாழ்வின் தனிமையையும் வறுமையையும் தாய்மொழியிற் பாடினர். காதலும் பத்தியுமே பாட்டுக்குரிய பொருள் எனக் கருதியிருந்தோர்க்கு இது புதுமை மட்டுமன்று, இடையூறுமாகும்.

1977, 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. இரவீந்திர சங்கீதத்திலும் திரைப்பாடலிலும் பழகிய செவிகள் அவற்றைப் பெரிதும் ஏற்றில. 1981இற் குழு கலைந்தது. கௌதம் திரைப்படத் துறையை நாடினார். ஏனையோரும் தத்தம் வழியே சென்றனர். எண்பதுகள் முழுவதும் அக்குழுவுக்கு மௌனக் காலம்.

அம்மௌனம் எவ்வாறு கலைந்தது? பழைய தட்டொன்று எவர் கையிலோ தற்செயலாக அகப்பட்டமையால் எனக் கூறுதல் சுவையாயிருக்கும். ஆயின் காரணம் அதுவன்று. 1992இல் சுமன் சட்டோபாத்தியாய வெளியிட்ட 'தோமாகே சாய்' என்னும் ஒலிநாடா, தனியொருவர் கிற்றாருடன் தம் காலத்தைப் பாடுவதை வங்காள இளைஞர்க்கு விருப்பமாக்கியது. கேட்போர் மாறினர், முன்னே பாடியோர் அதன்பின்னரே தேடப்பட்டனர். 1995இல் கௌதம் ஒரு தொகுப்பை வெளியிட்டார். 'மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு' என்பது அதன் பெயரின் பொருள். பழைய தட்டுகளை அப்படியே மறுபதிப்புச் செய்தலோடு அவர் அமைந்திருக்கலாம். அவரோ புதிய பாடல்களையும் சேர்த்து, இளைஞர் குழுக்களைக் கொண்டு பாடுவித்தார். என் கருத்தில் அவர் செய்த அரும்பணி இதுவே. மேலும் சில தொகுப்புகள் அவ்வாறே வந்தன. 1999இற் கௌதம் மறைந்தபோது, வங்காளத்திற் பாட்டுக்குழு அமைப்போர் யாவரும் மொகீனின் குதிரைகளை முன்னோராகக் கொண்டாடும் நிலை ஏற்பட்டிருந்தது.

2006இல் 'கேங்ஸ்டர்' என்னும் இந்தித் திரைப்படத்தில் அவர்தம் மெட்டொன்று 'பீகி பீகி' எனத் தொடங்கும் பாடலாகி இந்தியா எங்கணும் ஒலித்தது. கேட்டு மகிழ்ந்தோருட் பலர் குழுவின் பெயரை அறியார்.

இவ்விடத்து நம் 'சுராங்கனி' நினைவுக்கு வருகின்றது. ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய அப்பாடல், 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் படத்தில் இளையராஜாவின் இசையிற் புகுந்தது. தமிழ்நாட்டார் பலர் அதனைத் திரைப்பாடலாகவே அறிவர். சிங்களமும் தமிழும் விரவிய அப்பாட்டின் பைலாத் தாளம் போர்த்துக்கேயர் காலத் தொடர்பினால் இத்தீவில் வேரூன்றியது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு தென்னிந்தியச் சஞ்சிகைகளைத் தடுத்தபோது உள்நாட்டுக் கலைக்கு ஓர் இடைவெளி கிடைத்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' முதலான பாடல்கள் அக்காலத்தில் நாடெங்கும் பரவின. பின்னர் 1983 யூலை வந்தது. பாடியோரும் கேட்டோரும் சிதறினர். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். மனோகரன் 2018இற் சென்னையிற் காலமானார்.

வங்காளத்தார்க்குப் பாடியவரே இருந்து இளைஞரைக் கூட்ட முடிந்தது. நமக்கோ எஞ்சியுள்ளவை பெரும்பாலும் தட்டுகளும் ஒலிநாடாக்களுமே. மாத்தளை போன்ற மலைசார்ந்த ஊர்களின் ஈரக்காற்றில் நாடாவிற் பூஞ்சணம் எளிதிற் படரும். படர்ந்தபின் ஒலியை மீட்டல் கடினம். தோட்டத்துத் திருவிழாக்களில் ஒலிபெருக்கி கட்டியோர் வீடுகளிலும், பழைய ஒலிப்பதிவு நிலையங்களிலும் இன்னும் பெட்டிகள் கிடக்கக்கூடும். 2005இற் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் பேணி வருகின்றது. இக்கல்லூரியின் பழைய மாணவருள் அத்தகைய பெட்டியொன்றை வைத்திருப்போர், மேலுறையில் எழுதியுள்ள பெயர்களையேனும் மழைக்காலத்திற்கு முன் படியெடுத்து வைத்தல் நன்று. நாடா அழியுமுன் பெரும்பாலும் அந்த மையே அழிந்துவிடுகின்றது.