கரை தட்டிய கேப்டன்

சிகாகோவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடாத ஒன்று, மிச்சிகன் ஏரியில் படகுச் சவாரி. ஏரி என்றதும் நம்ம ஊர் ஏரியைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். இதன் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர். எதிர்க்கரை கண்ணுக்கே தெரியாது!

சின்னப் படகுகளில் ஐந்தாறு பேர்தான். அதை ஓட்டுகிறவர்தான் கேப்டன், அவரே கைடு. அந்தச் சின்னப் படகை ஓட்டுவதற்கும் கடலோரக் காவல்படையின் லைசென்ஸ் வேண்டும். நகரத்தை ஒட்டியே படகைச் செலுத்தி, வானளாவிய கட்டடங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார். நேவி பியருக்குப் பின்னால் தெரியும் பகுதியின் பெயர் ஸ்ட்ரீட்டர்வில். ஜான் ஹான்காக் சென்டர் என்ற பெயரில் 1969-ல் எழும்பிய நூறு மாடிக் கட்டடம் நிற்பது அங்கேதான். ஸ்ட்ரீட்டர்வில்லின் பெரும்பகுதி ஒரு காலத்தில் தண்ணீர்! அது யார் ஸ்ட்ரீட்டர்? அவரும் ஒரு படகு கேப்டன்தான். என்ன, படகைக் கரை தட்ட வைத்துப் புகழ் பெற்ற கேப்டன்!

ஜார்ஜ் வெலிங்டன் ஸ்ட்ரீட்டர் 1837-ல் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய், பிறகு சர்க்கஸ், படகு என்று பல தொழில்கள். அவர் சொன்ன கதைப்படி, 1886 ஜூலையில் 'ரூட்டன்' என்ற தன் நீராவிப் படகில் மனைவியோடு மில்வாக்கி வரை ஒரு வெள்ளோட்டம் போனார். திரும்பும்போது புயல். சிகாகோ கரையிலிருந்து சுமார் 450 அடி தூரத்தில் ஒரு மணல் திட்டில் படகு சிக்கியது. வேறு யாராவது இருந்தால் படகை மீட்க ஆள் தேடியிருப்பார்கள். மனிதர் அங்கேயே குடித்தனம் போட்டுவிட்டார்!

படகைச் சுற்றி மணல் சேர்ந்தது. சிகாகோவில் அப்போது கட்டட வேலைகள் ஜரூராக நடந்த நேரம். மண்ணையும் இடிபாடுகளையும் எங்கே கொட்டுவது என்று தவித்த கான்ட்ராக்டர்களை, 'இங்கே வந்து கொட்டுங்க' என்று கூப்பிட்டார் ஸ்ட்ரீட்டர். திட்டு வளர்ந்து கரையோடு சேர்ந்தது. உடனே, 1821-ல் எடுத்த அரசு சர்வேயைத் தூக்கிக் காட்டினார். "அதில் இந்த இடம் ஏரி. அதனால் இது இல்லினாய்ஸ் மாநிலத்தைச் சேராது!" என்பது அவருடைய வாதம். 186 ஏக்கருக்கு 'மிச்சிகன் ஏரி மாவட்டம்' என்று தனிப் பெயரே சூட்டி, மனை போட்டு விற்கவும் ஆரம்பித்துவிட்டார்!

கரையில் நிலம் வைத்திருந்த பணக்காரர்கள் சும்மா விடுவார்களா? போலீஸ் வந்தது. ஸ்ட்ரீட்டர் துப்பாக்கி தூக்கினார். அவர் மனைவி கொதிக்கும் வெந்நீரை ஊற்றி விரட்டியதாகவும் சொல்வார்கள். வழக்கு, சிறை, மறுபடி குடிசை என்று முப்பது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டினார். 1918-ல்தான் அவரைக் கடைசியாக வெளியேற்ற முடிந்தது. 1921-ல் இறந்துபோனார். வாரிசு வழக்குகள் முடிய 1940 ஆனது.

ஸ்ட்ரீட்டர் யோக்கியர் இல்லை. போலிப் பத்திரம் காட்டிய ஆசாமி. சரி, எதிர்த்தரப்பு என்ன செய்தது? கரையோரச் சாலை போடும் செலவை நில உரிமையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பதிலுக்கு, பழைய கரைக்கும் புதுச் சாலைக்கும் நடுவே மேடாக்கப்பட்ட ஏரி அவர்கள் கைக்கு வந்தது. 1896-ல் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றமும் இதற்குச் சரி சொல்லிவிட்டது. இரண்டு தரப்புமே ஏரியைத்தான் தூர்த்தார்கள். ஒருவர் துப்பாக்கியோடு, மற்றவர்கள் சட்டத்தோடு!

ஏரிக்காகவே பேசிய தீர்ப்பு ஒன்றும் இதே சிகாகோ கரையிலிருந்துதான் வந்தது. 1869-ல் இல்லினாய்ஸ் சட்டமன்றம், ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிப் படுகையை இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வே கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தது. நான்கே வருஷத்தில் தவறை உணர்ந்து ரத்து செய்தது. கம்பெனி விடவில்லை. 1892-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஏரிப் படுகையை அரசு வைத்திருப்பது மக்களின் சார்பில். அதை இப்படி மொத்தமாகத் தாரை வார்க்க அரசுக்கு உரிமையில்லை என்பதுதான் அதன் சாரம்.

நூறு வருஷம் கழித்து, 1996 டிசம்பரில் இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் நதிக்கரையில் கட்டப்பட்ட ஒரு சொகுசு விடுதி பற்றிய வழக்கு நம் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. ஆறும் ஏரியும் மக்களுக்காக அரசிடம் இருக்கும் அறக்கட்டளைச் சொத்து என்று சொன்ன நீதிபதிகள், அந்த சிகாகோ தீர்ப்பை எடுத்துக்காட்டினார்கள். இன்று நம் ஏரிகளுக்காக வழக்குப் போடுகிறவர்கள் கையில் இருக்கும் ஆயுதம் இதுதான்.

2010-ல் சிகாகோவில் ஸ்ட்ரீட்டருக்குச் சிலை வைத்தார்கள். தூர்த்தவருக்குச் சிலை இருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று ஒரு இடம் இருக்கிறது... லேக்தான் இல்லை!