பாண்டியன் குடித்த உப்பு ஒயின்

அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் மாளிகைமேடு என்றொரு இடம். சோழர் அரண்மனை இருந்த மண். அங்கே தோண்டினபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. வீட்டில் எவ்வளவு இருந்தாலும் கடல்தாண்டி வந்த சரக்கு மேல ஒரு கண்ணு! அந்த ஆசைக்கு அதைவிட ஆயிரம் வருடம் பழைய தடயம் வேண்டுமென்றால், புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டுக்குப் போக வேண்டும். அங்கே கிடைத்தவை ஒயின் ஜாடிகளின் உடைசல்கள்.

1945இல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். கிடைத்த ஓடுகளில் அம்போராவும் உண்டு: நீண்ட கழுத்து, இரண்டு கைப்பிடி, கப்பலுக்குள் அடுக்க வசதியாகக் கூரான அடி. பின்னாளில் இந்த ஓடுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், பலவற்றைக் கிரேக்கத்தின் கோஸ் தீவுப் பாணி என்று அடையாளம் கண்டார். இரண்டு உருளைகளை ஒட்டிச் செய்த கைப்பிடிதான் அதற்கு அடையாளம். எல்லாம் ஒயினுக்கு வந்ததில்லை. ஆலிவ் எண்ணெய், மீன் சாறு ஜாடிகளும் இருந்தன.

கோஸ் ஒயினில் ஒரு வேடிக்கை உண்டு. அதில் கடல்நீர் கலப்பார்கள். கிமு 2ஆம் நூற்றாண்டு ரோமானியர் கேட்டோ அதற்குச் செய்முறையே எழுதிவைத்திருக்கிறார்: திராட்சை அறுவடைக்கு 70 நாள் முன்பே, கரையை விட்டுத் தள்ளிப்போய், கடல் அமைதியாக இருக்கும்போது தண்ணீர் எடுத்து வைக்க வேண்டுமாம். ஆக, அரிக்கமேட்டில் இறங்கிய ஜாடிகள் சிலவற்றில் இருந்தது கொஞ்சம் உப்புக் கரிக்கும் ஒயின்.

புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த தேறலைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித்தர நீ தினமும் மகிழ்ந்திரு என்கிறார். அதன் குளிர்ச்சியைச் சொல்கிறார், வாசனையைச் சொல்கிறார். உப்பைப் பற்றி மூச்சில்லை. பாண்டியனுக்கு வந்தது வேறு ரகமாக இருக்கலாம். புலவருக்குக் கிண்ணம் வரைக்கும்தான் அனுமதியோ என்றும் எனக்கொரு சந்தேகம்.

நம்ம ஊர்ச் சரக்குக்கு வரும்போது சங்கப் புலவர்களின் பேச்சே வேற. மூங்கில் குழாயில் ஊறின தேன் தேறல், மண்ணில் புதைத்துப் பழுக்கவைத்தது, வீட்டிலேயே அரிசியில் காய்ச்சின தோப்பி. ஒரு தேறலின் வேகத்துக்குப் பாம்பின் சீற்றத்தையே உவமை சொல்கிறார்கள். குடித்துப் பழகினவன் பேச்சு இது. நக்கீரரின் யவனத் தேறலில் தெரிவது பொற்கிண்ணத்தின் பளபளப்பு.

கிபி முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கப் பயணக் கையேடும் இதற்கு ஒத்துவருகிறது. குஜராத்தின் பாருகச்சத்துக்கு இத்தாலி, லவோதிக்கேயா, அரேபிய ஒயின்கள் போகும் என்று வகை பிரித்துச் சொல்கிறது. முசிறிப் பக்கம் வந்தால், ஒயின் உண்டு, ஆனால் அதிகமில்லை. மிளகு வாங்க வந்தவன் பொன்னும் வெள்ளியுமாகக் காசைத்தான் கொட்டினான். கள் இருக்கிற ஊரில் திராட்சைச் சாற்றுக்கு எவ்வளவு கிராக்கி இருந்துவிடும்?

அந்த ஜாடி இங்கே கள்ளை விரட்டவில்லை. அரசன் கையில் ஒரு கிண்ணமாக நின்றதோடு சரி. கள்ளை விரட்டியது சட்டம். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இன்று பனையில் கள் இறக்கினால் வழக்கு. அதே அரசாங்கத்தின் டாஸ்மாக் எலைட் கடையில் வெளிநாட்டு ஒயின் பில் போட்டு வாங்கலாம்.