'மேட்ச்', 'ஆபீஸ்': கோவில்பட்டி வட்டாரத்தில் இரு கடன்சொற்கள்

கோவில்பட்டியில் 'மேட்ச்' என்னும் ஆங்கிலச் சொல் தொழிற்கூடப் பெயர்ப்பலகையில் தீக்குச்சியையும், ஹாக்கித் திடலில் ஆட்டத்தையும், துணிக்கடையில் நிறப் பொருத்தத்தையும் குறிக்கின்றது. ஆங்கிலத்திலேயே இவை ஒரு சொல் அல்ல. ஆட்டமும் பொருத்தமும் 'இணை' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தவை. தீக்குச்சியைக் குறிப்பதோ விளக்குத்திரியைச் சுட்டிய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. பலபொருள் ஒருசொல் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளியும் எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும் நெறி இக்கடன்சொல்லுக்கும் பொருந்துகின்றது.

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், மழை பொய்க்கும் இக்கரிசல் நிலத்திலும் பரவியது. பெயர்ப்பலகையில் 'மேட்ச் ஒர்க்ஸ்' என்றிருப்பது தொழிலாளர் நாவில் 'தீப்பெட்டி ஆபீஸ்' ஆகும். இங்கு 'ஆபீஸ்' என்பது அலுவலகம் அன்று. குச்சி அடுக்கி, மருந்தில் முக்கி, பெட்டியில் அடைக்கும் கூடம். இப்பொருள் ஆங்கில அகராதிகளில் இல்லை. இவ்வட்டாரம் அச்சொல்லுக்குத் தந்தது.

இவ்வேறுபாடு வரலாற்றாய்வுக்கு இன்றியமையாதது. தீப்பெட்டித் தயாரிப்பில் குழந்தைகளை அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அதற்கு முற்பட்ட காலத்தை நினைவுகூரும் மூதாட்டி, சிறுவயதில் 'ஆபீசுக்கு'ப் போனதாகக் கூறுவதை அகராதிப் பொருளில் கொண்டால், அவரது உழைப்பே பதிவிலிருந்து மறைந்துவிடும். ஆதலின், வாய்மொழிச் சான்றுகளில் கடன்சொற்களுக்கும் வட்டாரப் பொருளையே முதற்கண் தேடுதல் வேண்டும்.