பார்சி லைட் ரயில்வே

பார்சி லைட் ரயில்வே, இன்றைய மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் 1897-இல் ஓடத் தொடங்கிய நேரோகேஜ் ரயில்பாதை. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி (762 மி.மீ.) அகலம். லண்டனில் தொடங்கப்பட்ட நிறுவனம் ஒன்று இதைக் கட்டியது. அதுவே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தவும் செய்தது.

பார்சி, பருத்தியும் எண்ணெய் வித்துகளும் வந்து குவியும் சந்தை ஊர். பம்பாயிலிருந்து ராய்ச்சூர் நோக்கி கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே (ஜி.ஐ.பி.) போட்ட முதன்மைப் பாதை இந்த ஊரைத் தொடாமல் சுமார் 35 கி.மீ. தள்ளிப் போய்விட்டது. ராய்ச்சூரில் மதராஸ் ரயில்வேயோடு இணைந்த அதே பாதையில்தான் சென்னை–மும்பை ரயில்கள் இன்றும் ஓடுகின்றன. வழியில் வரும் குர்துவாடிதான் அன்று பார்சிக்கு இறங்குமிடம்.

அந்த இடைவெளியை நிரப்பக் கிளம்பியவர் எவரார்ட் கால்த்ரோப். 1882-இல் ஜி.ஐ.பி.யில் வேலைக்கு வந்த ஆங்கிலப் பொறியாளர். வேலையை விட்டு விலகி, இந்தப் பாதைக்காகப் பல ஆண்டுகள் முயன்றார். 1895-இல் நிறுவனம் உருவாயிற்று. 1897 மார்ச்சில் குர்துவாடி–பார்சி பாதை திறக்கப்பட்டது.

கால்த்ரோப்பின் சாதனை பாதையின் குறுகிய அகலத்தில் இல்லை. எடையைப் பகிர்ந்த விதத்தில் இருக்கிறது. என்ஜினோ, பெட்டியோ, சரக்கு வேகனோ, எதுவானாலும் ஓர் அச்சின் மீது 5 டன்னுக்கு மேல் பாரம் இறங்கக் கூடாது என்று விதித்தார். அதனால் கெஜத்துக்கு 30 பவுண்டு எடையுள்ள மெல்லிய தண்டவாளமே போதுமானதாயிற்று. கட்டுமானச் செலவும் குறைந்தது. லீட்ஸ் நகரின் கிட்சன் தொழிற்சாலை செய்த என்ஜின்களுக்கு எட்டு இயக்குசக்கரங்கள். வேகன்களின் சட்டங்கள் அழுத்தி உருவாக்கிய எஃகுத் தகட்டால் ஆனவை. கப்பலேற்றும் முன்பே, லீட்ஸ் அருகே நியூலே என்ற இடத்தில் சோதனைப் பாதை போட்டு, பிற பொறியாளர்கள் பார்க்க இவற்றை ஓட்டிக் காட்டினார்கள். மலிவான பாதை என்றால் மட்டமான பாதை என்ற எண்ணத்துக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

பார்சியில் தேறிய முறை இங்கிலாந்துக்கே திரும்பிப் போனது. 1904-இல் ஸ்டாஃபோர்டுஷயரில் திறந்த லீக் அண்ட் மேனிஃபோல்டு பாதையும் அதே இரண்டரை அடி. அதன் பொறியாளரும் கால்த்ரோப்தான்.

இதற்கிடையே பார்சிப் பாதையும் மெல்ல மெல்ல நீண்டது. 1906-இல் பண்டர்பூர்; அங்குள்ள விட்டலனைத் தரிசிக்க ஆஷாட ஏகாதசிக்குத் திரளும் பக்தர் கூட்டத்தால் பருத்தி வண்டி யாத்திரை வண்டியும் ஆயிற்று. 1911-இல் நிஜாம் ஆட்சிப் பகுதியான லாத்தூர். 1927-இல் மிரஜ், அங்கே மதராஸைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் மீட்டர்கேஜ் காத்திருந்தது. மொத்தம் சுமார் 325 கி.மீ.

பெரிய ரயில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அரசுடைமையான பிறகும் பார்சி தனித்தே ஓடிக்கொண்டிருந்தது. 1954-இல் அரசு அதை வாங்கி மத்திய ரயில்வேயுடன் சேர்த்தது. ஜி.ஐ.பி.யும் 1951-இலேயே அந்த மண்டலத்துக்குள் வந்துவிட்டதால், பக்கத்தில் போயும் பார்சியைத் தொடாத பாதையும் பார்சிக்காகவே பிறந்த பாதையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பகுதி பகுதியாக இதை அகலப்பாதையாக மாற்றும் பணி நடந்து, 2010 வாக்கில் மிரஜ் வரை முடிந்தது. 2016 ஏப்ரலில் லாத்தூர் குடிநீரின்றித் தவித்தபோது மிரஜிலிருந்து புறப்பட்ட 'ஜல்தூத்' தண்ணீர் ரயில், பண்டர்பூர், குர்துவாடி வழியாக ஏறக்குறைய இந்தத் தடம் முழுவதையும் கடந்து போனது. முதல் ரயிலில் 10 வேகன்கள், சுமார் 5 லட்சம் லிட்டர். பின்னர் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் போயிற்று.