நாய் எப்படிக் கூரைமேல் ஏறும்?

ஆங்கில மரபுத்தொடர்களின் வரலாற்றைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். எழுதத் தொடங்கினால் முதலில் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதனாலேயே தள்ளிப்போட்டு வந்தேன்.

2000-ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது, நகலெடுத்த இரண்டு தாள்கள் விடுதியில் கைமாறிக்கொண்டிருந்தன. 1500-களில் இங்கிலாந்து மக்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதை விளக்கும் கட்டுரை. முந்திய ஆண்டில்தான் மின்னஞ்சல் வழியாக உலகெங்கும் பரவத் தொடங்கியிருந்தது. அன்றாட ஆங்கிலத் தொடர்கள் பலவற்றிற்கும் அதில் ஒவ்வொரு கதை இருந்தது. கற்பிப்பதற்கு அதைவிட எளிய துணைப்பொருள் கிடைக்குமா? பத்திரப்படுத்திக்கொண்டேன். பணியில் சேர்ந்த பிறகு பல ஆண்டுகள் அக்கதைகளைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்கினேன்.

பெருமழையைக் குறிக்கும் ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்னும் தொடருக்கு அக்கட்டுரை தந்த விளக்கம் இது: அக்காலத்து வீடுகளுக்கு வைக்கோற்கூரை, நாயும் பூனையும் கதகதப்புக்காக அதில் படுத்துக்கொள்ளும், மழையில் கூரை வழுக்கும்போது அவை கீழே விழும். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இதைச் சொன்னபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த தோட்டப்புறத்து மாணவன் ஒருவன் எழுந்தான். “எங்க தாத்தா வீடு அத்தாப்புக் கூரைதான் டீச்சர். மழை வந்தா நாய் அஞ்சடிக்குதான் ஓடியாரும். கூரைமேல எப்படி ஏறும்?” வகுப்பு சிரித்தது. “அந்தக் காலத்து வீடு வேறப்பா, உட்கார்” என்றேன்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு பட்டறைக்குக் குறிப்புகள் தயாரிக்கையில்தான் அகராதிகளையும் சொல் வரலாற்று நூல்களையும் புரட்டினேன். மாணவன் கேட்டது சரியான கேள்வி. நெருக்கமாக வேய்ந்த வைக்கோலுக்குள் நாய் புக இயலாது; மேலேறிப் படுத்தால் மழையில் நனையும். இத்தொடரின் சாயல் 17-ஆம் நூற்றாண்டு நூல்களில்தான் தென்படுகிறது. 1653-இல் அச்சான ரிச்சர்ட் புரோம் என்பவரின் நாடகத்தில் நாய்களும் மரநாய் போன்ற ஒரு விலங்கும் மழையாகப் பொழிகின்றன. இன்று நாம் வழங்கும் வடிவம் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1738-இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. ஏன் நாய், ஏன் பூனை என்பதற்கு அறிஞர்கள் எவரும் முடிவான விடை கண்டதில்லை.

‘சேவ்ட் பை தி பெல்’ என்றால், இறுதி நொடியில் இக்கட்டிலிருந்து தப்புதல். உயிரோடு புதைக்கப்பட்டவர் கயிற்றை இழுத்து மணியடித்துத் தப்பினார் என்று அத்தாளில் படித்தேன். மணி பொருத்திய சவப்பெட்டிகளுக்கு 19-ஆம் நூற்றாண்டில் காப்புரிமை பெற்றவர்கள் உண்டு என்பது மெய்யே. ஆனால் தொடர் பிறந்த இடம் குத்துச்சண்டை மேடை. சுற்று முடியும் மணி ஒலித்ததால் தோல்வியிலிருந்து தப்பிய வீரனைக் குறித்தது அது.

எனக்கு மிகவும் வியப்பளித்தது குளியல் தொட்டிக் கதை. வேண்டாததை விலக்கும் அவசரத்தில் வேண்டியதையும் இழப்பதை, குளித்த நீரோடு குழந்தையையும் கொட்டிவிடுதல் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். ஒரே நீரில் வீட்டார் அனைவரும் வரிசையாகக் குளிக்க, கடைசியில் குழந்தை கண்ணுக்கே தெரியாத அளவு நீர் அழுக்காகிவிடும் என்பது மின்னஞ்சல் கதை. உண்மையில் இது ஜெர்மானியத் தொடர். தாமஸ் முர்னர் என்னும் பிரான்சிஸ்கன் துறவி 1512-இல் வெளியிட்ட அங்கத நூலில், ஒரு பெண் தொட்டி நீரோடு குழந்தையையும் கொட்டுவதாகப் படமே இருக்கிறது. அங்கேயே அது அறியாமையைக் கேலி செய்யும் தொடர்தான். யார் முதலில் குளித்தார் என்ற பேச்சே இல்லை. தாமஸ் கார்லைல் 1849-இல் எழுதிய கட்டுரையொன்றில் இதை ஜெர்மானியர் வழக்கென்று சொல்லியே ஆங்கிலத்தில் எடுத்தாண்டார். ஆகவே காலம் மட்டும் 1500-களோடு பொருந்துகிறது, நாடு பொருந்தவில்லை!

எல்லாக் கதையும் பொய்யென்று எண்ணிவிட வேண்டாம். கடுமையாகக் கண்டித்து எச்சரிப்பதைக் குறிக்கும் ‘ரீட் தி ரயட் ஆக்ட்’ உண்மையான சட்டத்திலிருந்து வந்தது. 1715 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் கலகச் சட்டத்தின்படி, பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால் நீதிபதி அவர்கள்முன் அறிவிப்பை உரக்க வாசிக்க வேண்டும். ஒரு மணி நேரத்திற்குள் கலையாதவருக்கு மரண தண்டனைகூட விதிக்கலாம். இங்கிலாந்தில் அச்சட்டம் 1967-இல் நீக்கப்பட்டுவிட்டது. தொடர் மட்டும் தலைமையாசிரியர் அறைகளில் இன்னும் உயிரோடிருக்கிறது.

இக்கதைக்குச் சட்டமும் தேதியும் சான்றாக இருக்கின்றன. வைக்கோற்கூரைக் கதைக்கு இருப்பது சுவை மட்டுமே. நம் பழமொழிகளுக்கும் புலனம் வழியாக இப்படிப்பட்ட புது விளக்கங்கள் நாள்தோறும் வருகின்றன. மண்குதிரை என்பது மண்குதிர்தானாம். ஆயிரம் பொய் என்பது ஆயிரம் முறை போய்ச் சொல்வதுதானாம். முன்பெல்லாம் உடனே வகுப்பில் சொல்லிவிடுவேன். இப்போது, எந்தப் பழைய நூலில் அப்படி இருக்கிறது என்று அனுப்பியவரைக் கேட்கிறேன். பெரும்பாலும் மறுமொழி வருவதில்லை.

அந்த மாணவன் ஆறாம் ஆண்டு முடித்து எப்போதோ போய்விட்டான். அவன் கேட்ட கேள்வியோடுதான் இன்று அப்பாடத்தைத் தொடங்குகிறேன். சென்ற மாதம் ஒரு சிறுமி, நாய் ஏறாவிட்டாலும் பூனை ஏறுமே என்றாள். ஏறும், ஆனால் மழையில் அங்கேயே இருக்குமா என்று பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.