24 வயதில் நின்ற கணக்கு



நினைவுச் சொற்பொழிவு என்றாலே இறந்தவரை உயர்த்திப் பேசும் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தையே விசாரிக்கும் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ராப் கேட்கும் இளைஞர்கள் அடிக்கடி மோதிக்கொள்ளும் கேள்விதான்: டூபாக் ஷகூரும் நொட்டோரியஸ் பிக்கும் இளமையில் கொல்லப்படாமல் இருந்தால் இவ்வளவு பெரியவர்களாக எண்ணப்பட்டிருப்பார்களா?

டூபாக் 1996 செப்டம்பரில் 25 வயதில் இறந்தார். பிக், 1997 மார்ச் 9 அன்று 24 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். உயிரோடு இருந்தபோது பிக் வெளியிட்டது ஒரே ஒரு தனி ஆல்பம், 1994இல் வந்த 'ரெடி டு டை'. அடுத்தது அவர் இறந்த 16ஆம் நாள் கடைக்கு வந்தது. டூபாக் பதிவுசெய்து வைத்திருந்த குரலைக் கொண்டு பத்தாண்டு ஆல்பம் போட்டார்கள். சாவு மட்டும் புகழை ஊதிப் பெருக்கிவிடாது. ஒலிப்பதிவும் அதை விற்க ஆளும் வேண்டும்.

அதே 1997இல் நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில், அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. 10 பேர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து, தலித் பாடகர் விலாஸ் கோக்ரே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரை விற்க எந்தக் கம்பெனியும் இல்லை. ஆனந்த் பட்வர்தன் தமது 1985 ஆவணப்படத்தில் அவர் பாடுவதைப் பதிவுசெய்திருந்தார். பின்னர் அந்தச் சாவிலிருந்து தொடங்கி, 14 ஆண்டு உழைத்து 'ஜெய் பீம் காம்ரேட்' எடுத்தார். அதனால்தான் அந்தக் குரல் நம்மை எட்டியது. கேமரா போகாத சேரிகளில் இளமையில் இறந்த பாடகர்களைச் சாவு பெரிதாக்கவில்லை. அழித்துவிட்டது.

கத்தாரின் கதை வேறு. பிக் இறந்து சரியாக நான்கு வாரத்தில், ஏப்ரல் 6 அன்று, அவரை வீட்டிலேயே சுட்டார்கள். முதுகுத்தண்டில் ஒரு குண்டைச் சுமந்தபடி இன்னும் 26 ஆண்டுகள் வாழ்ந்தார். அன்றே செத்திருந்தால் மாசில்லாத தியாகி. வாழ்ந்ததால் தெலங்கானா போராட்ட மேடைகளில் பாடினார். வாழ்ந்ததால்தான் கோயிலுக்கும் போனார், 2018இல் முதல்முறையாக ஓட்டும் போட்டார், தோழர்களிடம் திட்டும் வாங்கினார். அந்தத் திட்டில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதே தராசில் 24 வயதுக்காரரை நிறுத்தவே முடியாதே!

சேவூரில் தறி பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: பாதி நெய்த புடவைக்கு முழுக் கூலி கிடையாது. இளமையில் இறந்த கலைஞருக்கு மட்டும் நெய்யாத முந்திக்கும் சேர்த்து விலை வைக்கிறோம். அந்த முந்தியில் ஓர் இழைகூட அறுந்திருக்காது என்று வேறு நம்புகிறோம். நெய்த அளவுக்கு மட்டும் விலை வைத்தாலும் 'ரெடி டு டை' நிற்கும். 1959இல் 29 வயதில் போன பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் நிற்பார். 'இருந்திருந்தால்' என்ற பெருமூச்சு அவருக்குத் தேவையில்லை.

நஷ்டம் யாருக்கு என்றால், நரைத்தவர்களுக்கு. 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத்தில் 26 வயது ரோகித் வெமுலாவை இழந்தோம். நாடே எழுந்தது, எழ வேண்டியதுதான். அதே நாளில் 60 வயதில் கே.ஏ. குணசேகரனும் இறந்தார். இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோன குரல் அது. 'பலி ஆடுகள்' நாடகமும் 'வடு' தன்வரலாறும் அவர் எழுதியவை. பேராசிரியராக வயதானவர் சுவரொட்டிக்கு உதவமாட்டார் போலும்.

அரக்கோணத்து அறிவு நம்மோடு இருக்கிறார். 2019இல் வந்த அவருடைய 'தெருக்குரல்' ஆல்பத்தைப் பற்றி மாணவர்கள் இப்போதே எழுதுங்கள். எந்தப் பாட்டு நிற்கிறது, எது தொய்கிறது என்று, அவர் வாசித்துப் பதில் சொல்ல முடிகிற காலத்திலேயே எழுதுங்கள்.