கடுகண்ணாவை ஏறிய குடும்ப வண்டி

கண்டிக்குச் செல்லும் கடுகண்ணாவைக் கணவாயில், 1829இல் மறைந்த வீதிப் பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் நிற்கிறது. குடும்பத்தையும் மூட்டைகளையும் ஒருங்கே சுமந்து இத்தகைய ஏற்றங்களில் ஏறிய வண்டிகளுள் ஒன்று, 1953இல் பிரித்தானியாவில் வெளிவந்த மொறிஸ் மைனர் டிரவலர் என்னும் ஸ்டேஷன் வாகன். அதன் பின்புற மரச்சட்டம் வெறும் அலங்காரமன்று. உடலைத் தாங்கும் எலும்பேயாகும். மழை மிகுந்த மலைநாட்டில் அம்மரம் உக்கியுள்ளதா என்று பார்ப்பதே பழைய வண்டி வாங்குவோர்க்கு முதற் சோதனை.

அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களில் கார் இறக்குமதி இறுகியது. புதியது கிட்டாதபோது, பழையதைப் பழுதுபார்த்துக் காப்பதே வழியாயிற்று. 1977இல் கதவு திறந்தது. 2020 மார்ச்சில் மீண்டும் அடைபட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது. ஆகவே, புதியதா பழையதா என்னும் வினாவுக்கு விடை, வாங்குவோர் பணப்பையில் மட்டுமன்றித் துறைமுகத்திலும் இருந்தது என்பதே வரலாறு காட்டும் உண்மை.